இரண்டு அளவுகள்

ஓய்வு பெற்ற வருஷம், ஏலத்துக்குப் போட்ட பழைய சாமான்களில் ஓர் அட்டென்யூவேட்டரை நானே வாங்கி வந்துவிட்டேன். ரேடியோ சிக்னலை வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் சிறு பெட்டி. குமிழைத் திருப்பத் திருப்பப் பத்துப் பத்து டெஸிபலாக 120 வரை குறையும். 120-இல் வைத்தால் உள்ளே போகும் சக்தியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் வெளியே வரும். ரிஸீவர்களின் கூர்மையை அளக்க இருபது வருஷம் அதைத்தான் நம்பியிருந்தேன்.

போன மாதம் அதைப் பிரித்தேன். 455 கிலோஹெர்ட்ஸில் 40-க்கு வைத்தால் சில சமயம் 47, 48 என்று குறைத்தது. நாலு தடவை குமிழை அங்குமிங்கும் திருப்பினால் சரியாகிவிடும். மறுநாள் காலை பழையபடி. காண்டாக்ட்டில் மல்டிமீட்டரை வைத்தால் ஒழுங்காக இருப்பதாகவே காட்டியது.

காற்றிலுள்ள கந்தக வாயுவால் வெள்ளிப் பூச்சின்மேல் கறுப்பாக ஒரு படலம் உண்டாகிறது. மல்டிமீட்டர் தன் பாட்டரியிலிருந்து ஓரிரு வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறது. மெல்லிய படலம் அதற்கே உடைந்து வழிவிட்டுவிடும். மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் சிக்னலுக்கு அந்தத் திராணி கிடையாது. சோதிக்கிறவனே குறையைச் சற்று நேரம் போக்கிவிட்டு, குறை இல்லை என்கிறான். இம்மாதிரி காண்டாக்ட்டுகளை 20 மில்லிவோல்ட்டுக்கு மேற்படாமல் சோதிக்கவேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான். 100 மெகாஹெர்ட்ஸில் பார்த்தாலும் குறை தெரியாது. அங்கே படலம் கண்டென்ஸர் மாதிரி நின்று சிக்னலைக் கடத்திவிடுகிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் காண்டாக்ட்டும் போயிற்று. வழவழப்பில்லாத விஸிட்டிங் கார்டைக் குறுகலாக நறுக்கி, ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு காண்டாக்ட்டுக்கும் நடுவில் விட்டு, லேசாக அழுத்தியபடி இழுக்கவேண்டும். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதுப்புதுத் துண்டு. கடைசியாக நனைக்காத ஒன்று. மேல் தகட்டின் வளைவு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

மேஜைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்தபோது அந்தப் பையனின் ஞாபகம் வந்தது. தற்காலிக வேலைக்கு வந்தவன். ஒரே ரிஸீவருக்குக் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் நோட்டில் எழுதியிருந்தான். காலையில் மந்தம், மாலையில் கூர்மை.

“எதுப்பா சரி?”

“ரெண்டுமே காட்டிச்சு ஸார்.”

அவன் எதிரிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் சரியாக இருந்தது. “கருவி ஒழுங்காத்தான் இருக்கு. உனக்குத்தான் பார்க்கத் தெரியலை” என்றேன். காலை அளவை அடிக்கச் சொன்னேன். ஸ்கேல் வைத்து ஒழுங்காக அடித்தான். கவனக்குறைவு என்று நான் எழுதிய குறிப்பும் சேர்ந்துதான் அவனுக்கு வேலை நீடிக்கவில்லை.

இப்போது 40 என்றால் 40. ஆனாலும் பத்து நாளாகத் தினமும் காலையில், குமிழைத் தொடுவதற்கு முன்பே, ஒரு தடவை அளந்து எழுதிவைக்கிறேன். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த காண்டாக்ட் என்ன சொல்கிறது என்பது அந்த முதல் அளவில்தான் தெரியும். திருப்பிவிட்டால் போய்விடும்.

அன்று அவன் அடித்ததும் அப்படி ஒரு முதல் அளவைத்தான்.