அடிப்பிடித்த சோறு

பாரீஸ் புறநகரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இருந்த பாரசீக உணவகத்துக்கு அழைத்துப் போனான். பாரசீகம் என்றால் எனக்கு ஆபீஸ்தான் ஞாபகம் வரும். குமாஸ்தா, தஸ்தாவேஜு, சர்க்கார், தாசில்தார் எல்லாம் அந்த மொழி வழியாக நம்மிடம் வந்த சொற்கள். முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட சொற்கள்.

கடைக்காரர் 1979 புரட்சிக்குப் பிறகு டெஹ்ரானை விட்டு வந்தவர். புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் "மெர்சி" என்றேன். "எங்கள் ஊரிலும் மெர்சி என்றுதான் சொல்வோம்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகவே இல்லையாம்.

கபாப், வெண்ணெய் போட்ட சோறு, புதினா தூவிய 'தூக்' என்ற மோர். கடைசியாகத் தனித்தட்டில் பொன்னிறமாக ஒன்று வந்தது. பெயர் 'தஹ்திக்'. தஹ் என்றால் அடி, திக் என்றால் பானை. வடித்த சோற்றை எண்ணெய் விட்ட பானையில் மறுபடி ஏற்றி, வேண்டுமென்றே அடிப்பிடிக்க வைப்பார்கள். விருந்தாளிக்கு அதை வைப்பது மரியாதை.

நம் வீடுகளில் அதற்குக் காந்தல் என்று பெயர். என் மனைவி எங்களுக்கு மேல்சோற்றைப் போட்டுவிட்டு, காந்தலைச் சுரண்டி மோர் ஊற்றித் தான் சாப்பிடுவாள். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

"அம்மாவுக்கு நிஜமாகவே பிடிக்குமாப்பா?" என்று மகன் கேட்டான்.

தட்டில் இருந்ததை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். ருசியாகத்தான் இருந்தது.