ஆறில்லா நாட்டில் ஒரு நீர்வழிப் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மலையில்லை, ஆதலின் அருவியும் இல்லை. ஆயினும், பருத்தித்துறை வீதிவழியே ஒரு காலைப்பொழுதிற் பயணஞ் செய்வோர், இருமருங்கும் வாழைத் தோட்டங்களையும் வெங்காயப் பாத்திகளையும் கண்டு, இவற்றுக்கெல்லாம் நீர் எங்கிருந்து வருகின்றது என வியவாதிருத்தல் அரிது.

நல்லூரைக் கடந்து கோப்பாயை அடைந்தால் செம்மண் தோட்டங்களைக் காணலாம். அடுத்த ஊரின் பெயரே நீர்வேலி. வாழைக்குப் பேர்போன இவ்வூரில் நீர் இருப்பது நிலத்தின் மேலன்று, கீழே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் உண்டு என்பது நிலநீர் ஆராய்வோர் கணக்கு. மேலே 1 அடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் 40 அடி மேலெழும் என்பதும் அதே கணக்குத்தான்.

இதனைக் கண்ணாற் காண விரும்புவோர், புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தல் வேண்டும். சேனையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது இது என்பது ஐதிகம். இக்கிணற்றில் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீரோ உப்பு.

முன்னாளில் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் கீழே நின்று பட்டை பிடித்து நீர் இறைப்பர். மனிதர் களைத்தால் கிணறும் இளைப்பாறும். 1950-களின் பின் பரவிய நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ களைப்பில்லை. தோட்டத்து உரத்தின் நைதரேற்றும் கீழிறங்கிப் பல கிணறுகளைக் கெடுத்தது. 2014-ஆம் ஆண்டளவில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. சாதியின் பெயரால் நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டோர், பிறர் வார்க்கும் வரை கிணற்றடியிற் காத்து நின்ற காலமும் இங்கு இருந்ததை மறைத்தல் தகாது. மேலே நாம் வேலியிட்டோம்; நிலத்தடி நீரோ எவருடைய வேலியையும் அறியாது.

புத்தூருக்கு அப்பால் வல்லை வெளி. அங்குள்ள பாலத்தினின்று வடக்கே சென்றால் தொண்டைமானாறு. பெயரில் ஆறேயன்றி இது கடல்நீரேரியே. அதன் கரையில், அன்னதானத்துக்குப் பேர்போன செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் உளது. ஆனையிறவு நீரேரியில் மழைநீரைத் தேக்கி, கால்வாய்வழி வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப் பெயர்பெற்ற அத்திட்டம், எழுபது ஆண்டுகள் கடந்தும் முழுமை பெறவில்லை.

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, 1936-இல் பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு வெளியான வல்லிபுரம் உளது. அங்கே ஆழ்வார் கோயிலை வணங்கி அப்பாற் சென்றால் மணற்காடு. வெண்மணற் குன்றுகளிடையே, மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளைக் காணலாம். இக்குன்றுகள் வெறும் மணலல்ல. மழையை வடித்து வைக்கும் களஞ்சியங்கள். மணல் அள்ளுவோர் உடன் நீரையும் அள்ளிச் செல்கின்றனர்.

அங்கிருந்து தெற்கே செல்லும் கரையில் மருதங்கேணி முதலிய மீன்பிடி ஊர்கள் உள்ளன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கிணறுகளிலும் உப்பேறியது. கரையின் கோடியில் சுண்டிக்குளம். 1938-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இவ்விடத்தே, மாரிகாலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் இரை தேடி நிற்கும் காட்சி மிக இனியது.

நீர்வேலி, மருதங்கேணி, சுண்டிக்குளம் என நம் முன்னோர் ஊர்ப்பெயரிலேயே நீரைப் பொதிந்து வைத்தனர். ஆறு வரினும் வாராவிடினும், கிணறே நமக்கு ஆறு. அயலான் கிணற்றுக்கும் நம் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றே என்பதை உணர்ந்து காப்பதே, இப்பயணத்தில் நாம் கற்கும் பாடமாகும்.