புல்லட் காக்காவின் பயண ஏற்பாடுகள்



எங்கள் நண்பர் ஒருவர் 2025 ஜனவரியில், ஹிஜ்ரி 1446 ரஜப் மாதத்தில், தமது 46ஆம் வயதில் மலக்குடல் புற்றுநோயால் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊர் அவரைப் 'புல்லட் காக்கா' என்றே அறியும். இயற்பெயரைத் தவிர்க்கும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் நாங்களும் அப்பெயராலேயே குறிப்பிடுகிறோம். அவருடைய நற்குணங்களை நினைவுகூர்வதோடு இக்கட்டுரை முடிந்துவிடாது. தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பொறுப்பை அவர் எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார். அந்த அமானிதத்தை நிறைவேற்றவே இதை எழுதுகிறோம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள எங்கள் ஊரில் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செப்புக்கம்பியைச் சுற்றிச் சுற்றி அவருடைய விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கடை வாசலில் அவருடைய வாப்பா 1986இல் வாங்கிய புல்லட் நிற்கும். சென்னை திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான அந்தப் பழைய வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளுக்குப் பழகியவர் ஏறினால் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்துவிடுவார். அதை உதைத்துக் கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வருவதைக் கவனித்து, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி இன்னும் சிறிது இறக்கி, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே முழுதாக உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும். “பொறுமை இல்லாதவனை இந்த வண்டிக்குப் பிடிக்காது தம்பி” என்பார்.

அவரோடு சேர்ந்து நாங்கள் எழுவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்திலிருந்து புறப்படுவோம். தூத்துக்குடி உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி வழியாகக் கீழக்கரைக்குச் செல்வோம். அங்குள்ள பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களுக்கிடையே லுஹர் தொழுதுவிட்டுப் பாம்பன் பாலம் ஏறித் தனுஷ்கோடி வரை போனதும் உண்டு. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகும் நாட்களில், முப்பந்தல் காற்றாலைகளை நெருங்குமுன் எல்லோரையும் நிறுத்துவார். பக்கவாட்டில் வீசும் காற்று வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைத்து, லாரிகளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார்.

அவர் வகுத்த விதிகள் சில இருந்தன. தலைக்கவசம் இல்லாதவருக்குப் பயணம் இல்லை. ஒருவரையொருவர் முந்துவதில்லை. புதிதாக ஓட்டுபவர் இரண்டாவதாக வர வேண்டும். அவருடைய வேகமே எல்லோருக்கும் வேகம். தொழுகை நேரத்தைக் கணக்கிட்டே நிறுத்துமிடம் தீர்மானிக்கப்படும். சாலையில் கல்லோ கம்பியோ கிடந்தால் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டே நகர வேண்டும்; பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை அவர் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார், இறங்கிவிடுவார். பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள் எல்லாம் அவர் பையில் இருக்கும். ஆகவே எப்போதும் கடைசி வண்டி அவருடையது. முன்னே செல்பவர்களுக்குப் பின்னால் அந்தத் தடதடவென்ற ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்வரை எல்லாம் நலம் என்று பொருள்.

புறப்படுமுன் ஊர்தியில் ஏறும் துஆவை ஓதச் சொல்வார். குர்ஆனின் 43ஆம் அத்தியாயத்தில் இடம்பெறும் அந்த துஆ நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிப்பது அதன் முற்பகுதி. நம் இறைவனிடமே நாம் திரும்பிச் செல்பவர்கள் என்று ஒப்புக்கொள்வது அதன் பிற்பகுதி. “முதல் பாதியை வண்டிக்காக ஓதுகிறோம், இரண்டாம் பாதியை நமக்காக ஓதுகிறோம்” என்று அவர் ஒருமுறை கூறினார். அப்போது அவருக்கு நோய் எதுவும் இல்லை.

2022ஆம் ஆண்டின் நடுவில் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. வண்டிச்சூடு என்று அவர் முடிவு செய்துகொண்டார். நீண்ட நேரம் இருக்கையில் அமர்ந்து ஓட்டுபவர்களுக்கு மூலம் வருவது இயல்பு என்ற பேச்சு நம் ஊர்களில் உண்டல்லவா? ஊறவைத்த வெந்தயமும், இளநீரும், கருணைக்கிழங்குக் குழம்பும், நாட்டுமருந்துக் கடை லேகியமுமாக மாதங்கள் கழிந்தன. உடல் மெலிந்தது, உணவைக் குறைத்ததால் என்றார். முகம் வெளுத்தது, வெயில் என்றார். மலம் கழித்த பின்னும் வயிறு காலியாகாத உணர்வு இருந்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 2023 மே மாதம் கடையில் மயங்கி விழுந்தபோது இரத்தச்சோகை என்று தெரிந்தது. மதுரையில் எண்டோஸ்கோப்பிக் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்துச் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். மூலம் அன்று, மலக்குடலின் கீழ்ப்பகுதியில் புற்று. அருகிலிருந்த நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது.

ஐந்து வாரம் கதிர்வீச்சு. பிறகு அறுவைச் சிகிச்சை. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்ததால் மலக்குடலை நீக்கி, வயிற்றின் இடப்பக்கத்தில் மலம் வெளியேற ஒரு திறப்பு அமைத்து, அதன்மேல் ஒட்டும் பையைப் பொருத்தினார்கள். வாழ்நாள் முழுதும் அந்தப் பை இருக்கும் என்றார்கள். வலியை அவர் தாங்கினார். பள்ளிவாசலுக்குப் போக முடியாது என்ற எண்ணத்தைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே முடங்கினார். நாங்கள் சென்றால் போர்வையை மார்புவரை இழுத்துக்கொள்வார்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு எங்கள் பள்ளியின் இமாம் ஹஸ்ரத் அவரைக் காண வந்தார். நாங்களும் உடனிருந்தோம். வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு காக்கா கேட்டார்: “ஹஸ்ரத், நஜீஸைச் சுமந்துகொண்டு ஸஃப்பில் நிற்கலாமா?”

ஹஸ்ரத் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக அல்லாஹ் உங்களைப் பிடிக்கமாட்டான். தொடர்ந்து சிறுநீர் சொட்டும் நோயாளிக்கு என்ன சட்டமோ அதுவே உங்களுக்கும். வக்து நுழைந்த பிறகு பையைக் காலி செய்யுங்கள், சுத்தம் செய்யுங்கள், உளூச் செய்யுங்கள், தாமதிக்காமல் தொழுங்கள். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் இப்படியே. இடையில் வெளியேறினாலும் தொழுகை நிறைவேறும். இந்த ஜும்ஆவில் உங்களைப் பார்க்க வேண்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். வாசலை ஒட்டிய ஸஃப்பின் ஓரத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்து இடத்தில் எங்களில் ஒருவர் நிற்பதென்று அன்று முதல் முறை வைத்துக்கொண்டோம். பையணிந்தோரும், சிறுநீர்க்குழாய் பொருத்தியோரும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். சட்டம் தெரியாமல், அல்லது கேட்க வெட்கப்பட்டு, வீட்டில் தனியே தொழுகிறார்கள். சிலர் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் உறவினர் எவரேனும் அந்நிலையில் இருந்தால் உங்கள் ஆலிமை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். நோயாளி தாமாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து வந்த ஆறு மாத மருந்துச் சிகிச்சை அவருடைய கைகளைப் பறித்தது. அந்த மருந்தின் தன்மை அப்படி. குளிர்ந்த நீர் பட்டால் விரல்நுனிகளில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். ஹவ்ளு நீர் ஆகாது, வீட்டில் வெந்நீரில் உளூச் செய்துகொண்டு வருவார். நாளடைவில் கைகால் விரல்கள் மரத்துப்போயின. செப்புக்கம்பியின் கனம் விரலுக்குத் தெரியவில்லை. கிளட்ச் எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. “கை சொல்வதை நம்ப முடியாதவன் சாலையில் இறங்கக் கூடாது” என்று தமக்குத்தாமே விதி வகுத்துச் சாவியைச் சுவரில் மாட்டினார். மற்றவர்களுக்கு வகுத்த விதிகளைப் போலவே அதையும் ஒருமுறைகூட மீறவில்லை.

2024 செப்டம்பரில் கல்லீரலில் பரவியிருப்பது தெரிந்தது. இனி வலியைக் குறைக்கும் மருத்துவமே என்றார்கள். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவருடைய விருப்பப்படி வேம்பார் வரை சென்றோம். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவருடைய தம்பி காரை ஓட்ட, அவர் முன்னிருக்கையில் அமர்ந்து எங்கள் ஆறு வண்டிகளுக்கும் பின்னால் வந்தார். பனைமர நிழலில் உட்கார்ந்து தேநீர் அருந்தினோம். அங்கேதான் அவர் இதைச் சொன்னார்.

“இரத்தம் போவதைச் சொல்ல வெட்கப்பட்டேன். அந்தப் பத்து மாதமும் வெட்கத்துக்குக் கொடுத்த விலை. வெட்கம் ஈமானில் உள்ளதுதான். ஆனால் மருத்துவரிடம் மறைப்பது அந்த வெட்கம் அன்று. நான் போன பிறகு, என்ன நோய் என்று யாராவது கேட்டால் ‘வயிற்றில் ஏதோ’ என்று சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லுங்கள்.” தம்பியின் பக்கம் திரும்பி, “நீ விமானம் ஏறுமுன் சோதனை செய்துகொள்” என்றார்.

உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று மருத்துவரும் முன்பே கூறியிருந்தார். தம்பி சோதனை செய்துகொண்டார். குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதைமுளை ஒன்று இருந்தது. இத்தகையவற்றுள் சில, ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடியவை. அதே சோதனையின்போதே அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். செய்தி கேட்ட அன்று காக்கா இரண்டு ரக்அத் ஷுக்ருத் தொழுகையை உட்கார்ந்தபடி தொழுதார்.

எஞ்சியிருந்த மாதங்களை நெடும்பயணத்துக்கு ஆயத்தமாகும் அதே ஒழுங்கோடு அவர் செலவிட்டார். கடைக் குறிப்பேட்டைத் திறந்து, முன்பணம் வாங்கி வேலை முடிக்காத ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பியனுப்பினார். யாரோ விட்டுச்சென்று வருடங்களான மூன்று மோட்டார்களின் உரிமையாளர்களை எங்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்தார். தவறிய ரமலான் நோன்புகளுக்கு நாள் கணக்கில் ஃபித்யாவை எழுதிக் கொடுத்தார். வஸிய்யத் எழுத வேண்டியது உள்ளவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. வாரிசுகளுக்கு வஸிய்யத் இல்லை, மற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்ற வரம்புக்குள், கடைக் கருவிகள் அனைத்தையும் பன்னிரண்டு ஆண்டுகள் உடன் உழைத்த உதவியாளருக்கு எழுதிவைத்தார். அந்த இளைஞர் பக்கத்து ஊரைச் சேர்ந்த இந்துச் சகோதரர். கடை இன்று அவருடைய கையில் நடக்கிறது.

வண்டியைப் பற்றி வஸிய்யத்தில் எதுவும் எழுதவில்லை. அது வாரிசுகளின் சொத்து என்றார். ஜனாஸாவுக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது மனைவிக்கு எட்டில் ஒன்று, இரண்டு பெண்மக்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, மீதி தம்பிக்கு என்று வந்தது. வண்டியில் தமக்குரிய பங்கைத் தம்பி அண்ணன் மக்களுக்கே விட்டுக்கொடுத்தார். பாட்டரி இறங்காதிருக்க மூத்த மகள் வாரம் ஒருமுறை அதைக் கிளப்புகிறாள். ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்க்க வாப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

எப்போதும் எல்லோருக்கும் பின்னால் வந்தவர் எங்களுக்கு முன்னே சென்றுவிட்டார். எங்கள் மாதப் பயணம் நிற்கவில்லை. கருவிப்பையை இப்போது முறைவைத்துச் சுமக்கிறோம். வழியில் தங்கும் ஊர்களில் அவருடைய நோயின் பெயரையும் இடத்தையும் சொல்கிறோம். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ இருந்தால் மூலமென்று தாமாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உம்மாமார்களிடமும் லாத்தாமார்களிடமும் இதைக் கேளுங்கள்; அவர்களும் மறைப்பதுண்டு.

யா அல்லாஹ்! எங்கள் சகோதரரின் பிழைகளை மன்னிப்பாயாக! அவருடைய நோயை அவருக்குப் பாவப்பரிகாரமாக ஆக்குவாயாக! அவருடைய கப்ரை விசாலமாக்கி ஒளியால் நிரப்புவாயாக! அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் அழகிய பொறுமையை வழங்குவாயாக! நோயுற்ற எங்கள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.