தாய் வீட்டுக்குப் போகும் திமிங்கிலங்கள்

ஸிட்னியிலோ பிரிஸ்பேனிலோ உங்களுக்கு மகளோ மருமகளோ இருக்கிறாளா? "அம்மா, இந்தத் தடவை வந்தால் ஆறு மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று டெலிபோனில் உத்தரவு போட்டிருக்கிறாளா? அப்படியானால், டிக்கெட் வாங்குவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். இப்போதைக்கு ஆஸ்திரேலியா போகும் உத்தேசம் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். சாய்வு நாற்காலிப் பிரயாணத்துக்கு விசா வேண்டியதில்லை!

அங்கே போகிறவர்கள் ஸிட்னிப் பாலத்தையும் ஆபரா மாளிகையையும் பார்க்கிறார்கள். கங்காருவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டின் கிழக்குக் கடற்கரை ஓரமாக வருஷா வருஷம் ஓர் ஊர்வலம் போகிறது. கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் ஊர்வலம். மே மாதத்தில் ஆரம்பித்தால் நவம்பர் வரையில் ஓயாது.

கூனல் என்றதும் வயோதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். முங்கும்போது முதுகை வில்லாக வளைப்பதால் வந்த பெயர் அது. வளர்ந்த திமிங்கிலம் நம் டவுன் பஸ்ஸைவிட நீளம், பதினான்கு பதினைந்து மீட்டர் இருக்கும். எடை சுமார் 30 டன் இருக்கும். ஆறேழு யானைகளின் கனம் என்று வைத்துக் கொள்ளுங்கள். உடம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு பக்கமும் துடுப்புகள். அந்தச் சரீரத்தோடு தண்ணீரை விட்டு மேலே எழும்பித் துள்ளி விழும்போது, பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போய்விடுகிறார்கள்.

இவை எங்கிருந்து வருகின்றன? தென் துருவத்துப் பனிக் கடலிலிருந்து. அங்கே கோடை காலம் முழுவதும் ஒரே விருந்துதான். நம் ஊர் மீன் கடைகளில் விற்கிற கூனியைப் போல இறால் ஜாதிப் பிராணி ஒன்று அங்கே கோடிக்கணக்கில் மிதக்கிறது. அதை வாய் வாயாக அள்ளிச் சாப்பிட்டுக் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கின்றன. குளிர் நெருங்கியதும் வடக்கே புறப்பாடு. சுமார் 5,000 கிலோமீட்டர் நீந்தி, குவீன்ஸ்லாந்துக் கரையோரத்து வெந்நீர்க் கடலுக்கு வருகின்றன. கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் கொழுப்புப் போர்வை மெல்லிசு. பனிக்கடலின் குளிரைத் தாங்காது என்பது இதற்கு ஒரு காரணம்.

வெதுவெதுப்பான இடத்தில் பிரசவம்! நம் வீட்டுப் பெண்கள் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வருவது போலத்தான். சில சமயம் வழியிலேயே பிரசவம் ஆகிவிடுவதும் உண்டு.

ஒரே ஒரு வித்தியாசம். நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு உண்டு, லேகியம் உண்டு, பார்த்துப் பார்த்துச் செய்ய அம்மா உண்டு. திமிங்கிலத் தாய்க்கு அங்கே சாப்பாடே கிடையாது. பனிக்கடலை விட்டுப் புறப்பட்டதிலிருந்து திரும்பிப் போய்ச் சேரும் வரையில் பல மாதங்கள் ஏறக்குறையப் பட்டினிதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் கன்றுக்குப் பால் கொடுக்கிறாள். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு. இந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலேயோ! இதை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

எப்போது போவது?

நம் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. திமிங்கிலங்களுக்கோ அது சரிப்படாது. மே கடைசியில் ஒன்றிரண்டுதான் தலை காட்டும். ஜூன், ஜூலை, அதாவது நம் ஆனி, ஆடி மாதங்களில் கூட்டங் கூட்டமாக வடக்கே போகும். ஸிட்னி கடற்கரைக் குன்றுகளிலிருந்து பார்க்க இதுவே நல்ல சமயம். அங்கே அப்போது குளிர்காலம் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

திரும்பும் ஊர்வலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. புரட்டாசி, ஐப்பசி. பெரியவை முன்னால் போய்விடும். தாயும் கன்றும் கடைசியில், கரையை ஒட்டி, நின்று நின்று வரும். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு திருவிழாக் கூட்டத்தில் நடக்கிறவள் பின்தங்கத்தானே செய்வாள்?

குழந்தைகளையும் அழைத்துப் போவதானால் காலாண்டுப் பரீட்சை விடுமுறையைக் குறி வைக்கலாம். குவீன்ஸ்லாந்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில் விடுமுறை வருவதால், தங்கும் விடுதிக்கும் படகுக்கும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். விசாவுக்கும் இரண்டு மாதம் முன்னதாகவே மனுச் செய்துவிடுவது மனநிம்மதி தரும்.

எங்கே நிற்பது?

முதலில், காசு செலவில்லாத வழி. திமிங்கிலம் பார்க்கப் படகில்தான் போக வேண்டும் என்பதில்லை. ஸிட்னி துறைமுகத்தின் வாசலில் நார்த் ஹெட் என்ற உயரமான பாறை முனை இருக்கிறது. நகருக்குத் தெற்கே, 1770-ல் காப்டன் குக் கரை இறங்கிய குர்நெல்லில், கேப் ஸொலாண்டர் முனை இருக்கிறது. இரண்டும் கடலுக்குள் நீட்டிக் கொண்டிருப்பவை. திமிங்கிலங்கள் அருகே கடந்து போகும். இன்னும் வடக்கே, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடியான கேப் பைரனில், 1901-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதன் அடியில் நின்றால் கடல் மூன்று பக்கமும் விரியும்.

நம்மவர்களுக்கென்றே இன்னோர் இடமும் சொல்கிறேன். ஸிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் வெங்கடேசுவரர் கோயில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுவாமி தரிசனம் முடிந்து காரில் கொஞ்ச தூரம் கடலை நோக்கிப் போனால் பால்ட் ஹில் என்ற மேடு வரும். பெயரின் அர்த்தம் மொட்டைக் குன்று. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அங்கிருந்தும் ஜூன், ஜூலையில் கடலைக் கவனித்துப் பாருங்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. திமிங்கிலத்தைத் தேடாதீர்கள், அதன் மூச்சைத் தேடுங்கள். அது மூச்சு விடும்போது, இட்டிலிப் பானையைத் திறந்தாற்போல் குப்பென்று வெண்மையான ஆவி எழும்பும். ஒரு முறை கண்டால் அதே திசையில் சற்று முன்னால் பார்த்துக் கொண்டே இருங்கள். முங்கினால் ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ ஆகும், பொறுமை வேண்டும். கிழக்குக் கடற்கரை ஆதலால் காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். ஆனால் காற்று பலத்துக் கடல் முழுவதும் வெள்ளை நுரையாக இருக்கும் நாளில் ஆவியும் நுரையும் ஒன்றாகிவிடும். அன்று வீட்டிலேயே பஜ்ஜி போடலாம்!

படகில்தான் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஹெர்வி பே. பிரிஸ்பேனுக்கு வடக்கே காரில் மூன்றரை மணி நேரப் பிரயாணம். எதிரே கர்ரி என்ற பெரிய மணல் தீவு மதில் போல் நின்று அலையைத் தடுக்கிறது. முன்பு பிரேஸர் தீவு என்று அழைக்கப்பட்ட அதற்குப் பூர்வ குடிகளின் பழைய பெயரையே 2023-ல் அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டது. விரிகுடா அமைதியாக இருப்பதால் தெற்கே திரும்பும் தாய்கள் கன்றுகளோடு இங்கே பல நாள் தங்கி இளைப்பாறுகிறார்கள். ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை உரங்கன் துறையிலிருந்து படகுகள் புறப்படும். 1987 முதல் இங்கே இந்தத் தொழில் நடக்கிறது. கடல் மயக்கத்துக்குப் பயப்படுகிற பெரியவர்களுக்கும் இந்த இடந்தான் ஏற்றது.

என்ன எடுத்துப் போவது?

கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, வழுக்காத ரப்பர் செருப்பு, பைனாகுலர். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்; வயிறு புடைக்கச் சாப்பிட்டும் போகாதீர்கள். இரண்டு இட்டிலி போதும். இஞ்சி மொரப்பா கையில் இருக்கட்டும். தலைசுற்றலுக்கு மாத்திரை தேவையானால், டாக்டரைக் கேட்டுக் கொண்டு படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக் கொள்ள வேண்டும். ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். திமிங்கிலம் தென்படாவிட்டால் மறுபடியும் இலவசமாக அழைத்துப் போகிற படகுக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

வாசற்படியில் நின்று பாருங்கள்

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த ஊர்வலம் ஒரு காலத்தில் அடியோடு நின்று போயிருக்க வேண்டியது. பிரிஸ்பேனுக்கு எதிரே உள்ள மோர்ட்டன் தீவில், டாங்கலூமா என்ற இடத்தில், 1952-ல் திமிங்கிலம் அறுக்கும் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. பத்தே வருஷங்களில் அங்கே கொல்லப்பட்ட கூனல் திமிங்கிலங்கள் 6,277. பைரன் பேயிலும் 1954 முதல் இதே வேலை நடந்தது. எண்ணெய்க்காகத்தான் இவ்வளவும். தெற்கே பனிக்கடலில், 1959-லிருந்து 1961 வரை இரண்டே பருவங்களில், சோவியத் கப்பல்கள் 25,000-க்கு மேல் கொன்றன. அந்தக் கணக்கு 1990-களில்தான் வெளியே வந்தது. 1962-ல் வேட்டைக்காரர்களுக்கே திமிங்கிலம் கிடைக்காமல் போய், இரண்டு தொழிற்சாலைகளையும் மூடினார்கள். மிஞ்சியவை ஐந்நூறுக்கும் குறைவு என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. 1963-ல் இவற்றைப் பிடிப்பதற்குத் தடை வந்தது.

பிறகு மனிதர்கள் செய்த உபகாரம் என்ன? பெரும்பாலும், சும்மா விட்டதுதான். அந்தச் சில நூறு இன்று 40,000-க்கு மேல் பெருகியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2022 பிப்ரவரியில், அழிவின் விளிம்பில் உள்ள பிராணிகளின் ஜாபிதாவிலிருந்து கூனல் திமிங்கிலத்தை ஆஸ்திரேலிய அரசாங்கம் எடுத்துவிட்டது. டாங்கலூமாவில் இன்று இருப்பது உல்லாச விடுதி.

எனவே இப்போது நம் முறை. படகு பொதுவாகத் திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் போகக் கூடாது. கன்று கூட இருந்தால் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறது நியூ ஸவுத் வேல்ஸ் சட்டம். "இவ்வளவு பணம் கொடுத்து வந்து, குழந்தையைக் கிட்டத்தில் பார்க்கக் கூடாதா?" என்று தோன்றும். அப்போதுதான் அந்தப் பட்டினி கிடக்கும் தாயை நினைத்துக் கொள்ள வேண்டும். படகைக் கண்டு மிரண்டு அவள் ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் கன்றின் பாலிலிருந்து கழியும். அதை ஈடு செய்ய அவளுக்கு வழியில் ஒரு வாய் உணவு கிடையாது.

இது நமக்குப் புது நியாயம் அல்லவே! பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் என்ன செய்கிறோம்? வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கிறோம். தூங்குகிற குழந்தையை எழுப்புவதில்லை. தாயைப் பேச வைத்துக் களைக்கச் செய்வதில்லை. "மகாராஜனாக இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு வந்துவிடுகிறோம். கடலிலும் அதே மரியாதைதான்.

படகு பதிவு செய்யும்போது, "எவ்வளவு தள்ளி நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். "உங்களுக்காகப் பக்கத்திலேயே கொண்டு போகிறேன்" என்பவரை விட்டு, சட்டத்தைச் சொல்லுகிறவரிடம் டிக்கெட் வாங்குங்கள். படகில் ஏறிய பிறகு, "இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே" என்று கப்பல் தலைவரை நச்சரிக்காதீர்கள்.

சில சமயம் திமிங்கிலமே படகைத் தேடி வந்துவிடும். ஹெர்வி பேயில் இது அபூர்வமில்லை. இயந்திரம் ஓய்ந்து நிற்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு நிற்பார்கள். அது படகைச் சுற்றி வந்து, தலையை நீருக்கு மேல் தூக்கி, ஆரஞ்சுப் பழம் போன்ற கண்ணால் உங்களைப் பார்க்கும். அது அதன் இஷ்டம். அதிதி தானாக வந்தால் சந்தோஷம். நாம் கூப்பிட்டுத் துரத்த வேண்டியதில்லை.

அது முங்கும்போது வாலைக் கவனியுங்கள். அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருக்கும். ஒன்றின் கோலம் மற்றொன்றுக்கு வராது. நம் கைரேகை மாதிரி. அதைப் படம் பிடித்து வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள், "இவள் மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள், இப்போது புதுக் கன்றோடு வந்திருக்கிறாள்" என்று அடையாளம் சொல்கிறார்கள். நீங்களும் ஒரு படம் எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பேத்தி வளர்ந்து அதே கரையில் நிற்கும்போது, அதே கோலம் மறுபடியும் அங்கே எழும்பினாலும் எழும்பும்.