வழிமேல் விழி

நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கத்தை உரிமையாக்கினர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். காடும் காடுசார்ந்த இடமும் முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். சூரியநெல்லியில் வாழும் நாங்கள் நிலத்தால் குறிஞ்சி மக்கள். சுற்றிலும் மலை, மலைமேல் தேயிலை, தேயிலைமேல் மூடுபனி. ஆயினும் எங்கள் ஒழுக்கத்தை வைத்துப் பார்த்தால் எங்களை முல்லையில்தான் சேர்க்க வேண்டும். காத்திருத்தல் எங்கள் அன்றாடத் தொழில்களுள் ஒன்று. தலைவனுக்காக அன்று, பேருந்துக்காக.

இவ்வொப்புமையைக் கேட்டு முறுவலிக்கும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். முல்லைத் தலைவி ஏதும் அறியாது காத்திருந்தவள் அல்லள். கார்காலத்தில் மீள்வதாகக் காலம் குறித்துவிட்டே தலைவன் சென்றான். கொன்றை பூத்தால் குறித்த பருவம் வந்தது என்று அவள் அறிவாள். தேரின் மணியோசை கேட்டால் அவன் ஊரெல்லையை நெருங்கிவிட்டான் என்று அறிவாள். ஆக, அவளுக்குக் கால அட்டவணையும் இருந்தது; தேர் எங்கே வருகிறது என்னும் செய்தியும் இருந்தது. எங்களுக்கோ நெடுங்காலம் முன்னது மட்டுமே இருந்தது. அதுவும் பல நாள் பொய்த்தது.

சூரியநெல்லி இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர். மூணாறிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கொழுக்குமலையின் விடியலைக் காணவரும் சுற்றுலாப் பயணிகள் எங்கள் ஊரிலிருந்துதான் ஜீப்பில் ஏறுகிறார்கள். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை எங்களுக்குச் சற்றே எட்டத்தில், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் சென்று, தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்தத் திசையிலிருந்துதான் கால்நடையாக மலையேறி வந்தனர்.

இம்மலையில் வழிகள் பிறந்த கதையும் நினைக்கத் தக்கது. 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908இல் அது சிறு ரயிலாயிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை அதில் சென்று, பின்னர்க் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. சரக்குக்காகப் பிறந்தது வழி; ஆள் பிற்பாடு அதில் ஏறிக்கொண்டான். மலைநாட்டுப் போக்குவரத்தில் ஆளின் நேரம் இன்றுவரை இரண்டாம் இடத்திலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பேருந்து எங்கே வருகிறது என்பதை அறிய எங்களிடம் கருவி இல்லாவிடினும் வழி இருந்தது. எதிர்மலையின் வளைவில் ஒளிரும் முகப்பு விளக்கைப் பார்த்துச் சொல்லும் கண்கள் இருந்தன. ஆரன் ஒலியைக் கொண்டே இன்ன வண்டி என்று இனம் பிரிக்கும் காதுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீர்க்கடை இருந்தது.

"அண்ணாச்சி, மூணாறு வண்டி வந்துட்டுப் போயிருச்சா?"

"இன்னும் வரலக்கா. லாக்காடு தாண்டிட்டதா ஜீப்புக்காரத் தம்பி சொல்லிட்டுப் போறான்."

இவ்விரண்டு வாக்கியங்களில் இன்றைய அறிவியல் செய்துமுடிக்க விழைவது முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்டியைக் கண்டவன் ஒருவன். செய்தியைக் கொண்டுவந்தவன் ஒருவன். கேட்போர்க்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்னவர் ஒருவர். இம்மூன்று கண்ணிகளுள் எது அறுந்தாலும் செய்தி பயன்படாது.

காத்திருத்தலால் என்ன குறைந்துவிடும் என்று நகரத்து நண்பர் சிலர் கேட்பதுண்டு. வண்டி வராத நாளில் பெண்பிள்ளையின் முதல் பாடவேளை போய்விடும். அடிமாலிக்கோ தேனிக்கோ மருத்துவம் நாடிச் செல்லும் முதியவருக்கு அன்றைய சீட்டுப் போய்விடும். மாலையின் கடைசி வண்டி வருமா வராதா என்று அறியாமல் நின்றவள், இருட்டிய பின் ஜீப்புக்குக் கொடுக்கும் வாடகை அன்றைய கூலியை விழுங்கிவிடும். 2019, 2020ஆம் ஆண்டுகளில் மூணாறு கேப் ரோட்டில் மலை சரிந்து பாதை அடைபட்டபோது, வண்டி சுற்றிவருமா, அன்றி வரவே வராதா என்ற ஐயத்தோடு நின்ற பொழுதுகளை எங்கள் ஊரார் எளிதில் மறவார். வராது என்று எவரேனும் உறுதியாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்காவது திரும்பியிருப்போம். காத்திருப்பின் துன்பத்தில் பெரும்பங்கு நேரத்தால் வருவதன்று, அறியாமையால் வருவது.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2008ஆம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பேருந்து வரும் நேரத்தைத் தொலைபேசியில் அறிவிக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். 2011இல் வெளிவந்த ஆய்வு, அதைப் பயன்படுத்தியோர் மற்றவரைவிட ஏறக்குறைய 2 நிமிடம் குறைவாகக் காத்திருந்தனர் என்று கண்டது. அதனினும் நுட்பமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. வண்டி எங்கே என்று அறியாதவர்கள், தாம் உண்மையில் நின்ற நேரத்தைவிட மிகுதியாக நின்றதாக உணர்ந்தனர். அறிந்தவர்கள் அவ்வாறு உணரவில்லை.

லண்டனில் 1992இலேயே 18ஆம் எண் தடத்தில் நிறுத்தங்களில் பலகை வைத்து, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டிப் பார்த்தனர். சாலையோரத்தில் நட்ட கருவிகள் கடந்துசெல்லும் பேருந்தை இனங்கண்டு சொல்லின. பின்னர் அவ்வேலையைச் செயற்கைக்கோள்கள் ஏற்றுக்கொண்டன. பூமிக்குமேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் காலக்குறிப்போடு சமிக்ஞை அனுப்புகின்றன. வண்டியிலுள்ள சிறு கருவி குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளை ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கணிக்கிறது. பிறகு அலைபேசி வலையமைப்பு வழியே அதை ஒரு மையத்துக்குத் தெரிவிக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கிய பின் இக்கணிப்பின் துல்லியம் பெருகியது. 2022 மே மாதத்தில் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கும் இத்தகைய செயலி வந்தது.

தில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியதற்குப் பின், பயணிகள் வண்டி எங்கே செல்கிறது என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2016 நவம்பரில் ஒன்றிய அரசு அதற்கு விதி வகுத்தது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் பேருந்துகளில் இடமறியும் கருவியும் ஆபத்துக்கால அழுத்தானும் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் அக்கருவி தன் செய்தியை யாருக்கு அனுப்புகிறது? கட்டுப்பாட்டு அறைக்கு. நிறுத்தத்தில் மழையில் நிற்பவளுக்கும் அச்செய்தி போய்ச் சேர வேண்டும் என்று அவ்விதி கட்டாயப்படுத்தவில்லை. தேநீர்க்கடை உவமையில் சொன்னால், கண்டவன் உண்டு, கொண்டுவருபவன் உண்டு, எடுத்துச் சொல்லும் அண்ணாச்சி இல்லை.

இவ்விடத்தில் எங்கள் ஊரறிந்த ஒரு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனையிறங்கல் என்ற பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு யானை புதிதன்று. அரிசிச் சுவை கண்டு கடைகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று நான்கு கும்கிகளின் துணையோடு பிடித்தனர். கழுத்தில் ரேடியோ பட்டை பூட்டிப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோயினர். அன்றுமுதல் அது இன்று எங்கே, நேற்று எவ்வளவு நடந்தது, எல்லை கடந்ததா என்பதையெல்லாம் நாடே அறிந்தது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் வந்தது. தமிழ்நாட்டு வனத்துறையினர் ஜூன் 5 அன்று மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்றனர். சில மணி நேரம் அதன் சமிக்ஞை கிடைக்காவிட்டால் அதுவே செய்தியாயிற்று.

அந்நாட்களில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே யானையின் இருப்பிடத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அடர்காட்டில் திரியும் விலங்கு எங்கே என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த வளைவில் வரவேண்டிய வண்டி எங்கே என்று தெரியாது. யானைக்குக் கிடைத்த கவனத்தின்மேல் எங்களுக்குப் பொறாமையில்லை; அது உயிர்காக்கும் கவனம். அதே ஆண்டு ஜனவரியில் பன்னியார் தோட்டத்தில் வன வாட்சர் ஒருவர் யானையால் உயிரிழந்ததை நாங்கள் கண்டவர்கள். ஆனால் இருட்டிய பின் யானை நடமாடும் வழியில் பேருந்துக்காக நிற்பதும் உயிரைப் பற்றிய செய்திதானே? எது எங்கே என்று அறிய உலகம் முனைகிறதோ, அதற்கே உலகம் மதிப்பு வைத்திருக்கிறது. காத்திருப்பவரின் நேரத்துக்கு மதிப்பு வைத்தால் வண்டியின் இடம் தானே தெரியவரும்.

செய்தியைத் தொழிலாளியிடம் எவ்வாறு சேர்ப்பது என்பதற்கும் யானையே வழிகாட்டியிருக்கிறது. எங்களைப் போன்றே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வால்பாறையில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் யானை வருகையை முன்னறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் தமிழ் எழுத்தோட்டம்; அலைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி; எல்லோர் கண்ணிலும் படும் மேட்டில் சிவப்பு விளக்கு. யானை அருகில் இருந்தால் விளக்கு எரியும். எழுத்தறியாதவரும், விலையுயர்ந்த அலைபேசி வாங்க இயலாதவரும் அதைப் பார்த்து வழி மாறிச் செல்லலாம். அம்முயற்சிக்காக ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். கேட்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே அங்குக் கருவியைத் தேர்ந்தனர்.

பேருந்துக்கும் இம்முறையே வேண்டும். மலைமடிப்புகளில் வானமும் குறுகலாகத்தான் தெரிகிறது. அலைபேசி அலையும் எல்லா வளைவிலும் கிட்டுவதில்லை. இதையறிந்தே, அலை கிட்டாத இடத்தில் குறைந்தது 40,000 இடக்குறிப்புகளைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் ஆற்றல் கருவிக்கு வேண்டும் என்று இந்தியத் தரவிதி கூறுகிறது. சேமிப்பு, விசாரணைக்கு உதவும், நிற்பவருக்கு உதவாது. அரைமணிக்கு முந்தைய இடத்தை இப்போதைய இடமாகக் காட்டும் படம், பொய்த்த கால அட்டவணையைவிடத் தீங்கானது. ஆகவே, கடைசிச் செய்தி எப்போது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளைவுதோறும் வண்டியைப் பின்தொடர இயலாவிட்டாலும் குற்றமில்லை. லாக்காடு தாண்டியது, பெரியகானல் தாண்டியது என்ற இரண்டொரு செய்தி உண்மையாக வந்தால் எங்களுக்குப் போதும். நிறுத்தத்தில் ஒரு விளக்கு. மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை. எளிய அலைபேசியில் அழைத்தால் இருமொழியிலும் விடைசொல்லும் ஒரு குரல். வராத வண்டியை வராது என்று சொல்லும் நேர்மை இவையெல்லாவற்றிலும் முதன்மையானது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருக்குமிடத்தை அறிவிப்பது வண்டியை ஓட்டுவதற்கு ஈடாகாது. நாளுக்கு இரண்டே முறை வரும் வண்டியை எத்தனை செயற்கைக்கோள் பின்தொடர்ந்தாலும் அது மூன்றாம் முறை வந்துவிடாது. முன்னொரு காலத்தில் எங்கள் பகுதியில் மாலை வண்டி ஒன்று அறிவிப்பின்றி நின்றுபோயிற்று. ஏன் என்று கேட்டபோது, ஏறுவார் இல்லை என்றனர். வருமோ வராதோ என்று அஞ்சியவர்கள் ஜீப்பில் ஏறிப் போனதால்தான் ஏறுவார் குறைந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தவர் இல்லை. நம்பிக்கை குறைந்தால் பயணி குறைவான். பயணி குறைந்தால் வண்டி நிற்கும். அந்த நச்சுச் சுழலை அறுக்கும் கத்தி உண்மையான செய்தி. வண்டி வரும் என்று அறிந்தவன் காத்திருப்பான். காத்திருப்போர் உண்டு என்று அறிந்தவர் வண்டியை நிறுத்தமாட்டார். பேருந்தின் இடம் மக்களுக்குத் தெரிவதோடு, மக்கள் நிற்கும் இடம் பேருந்தை நடத்துவோர்க்கும் தெரியட்டும்.

இச்சங்க மலரைப் படிக்கும் அன்பர்கள் பலர், அடுத்த வண்டி இன்னும் 4 நிமிடத்தில் என்று பலகை சொல்லும் நகரங்களில் வாழ்கிறீர்கள். அந்தப் பலகையை அடுத்த முறை காணும்போது, அது வெறும் வசதி என்று எண்ணிவிடாதீர்கள். நிற்பவர் எவராயினும் அவர் நேரம் வீணாகலாகாது என்று ஒரு சமுதாயம் எழுதிவைத்த ஒப்புதல் அது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, நனைந்த கம்பளியோடு நிறுத்தத்துக்கு வரும் பெண்ணுக்கும் அதே ஒப்புதலை, அவள் மொழியில், அவள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.