சம்பளம் யார் தர்றாங்க சார்?

ஆபீஸில் வேலை பார்க்கிற யாரையாவது மத்தியானம் மூணேகால் மணி டீ நேரத்தில் நிறுத்தி, "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கே சார்... இதை விட்டுட்டு சொந்தமா ஏதாவது பண்ணணும்" என்பார். சொந்தமாக என்றால் என்ன? ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ் கடை. அப்புறம் பிரவுசிங் சென்டர். அதற்கப்புறம் யூடியூப் சேனல். இந்த வரிசையில் இப்போது சேர்ந்திருப்பது நிதி ஆலோசகர் வேலை.

காரணம் சுலபம். கடை வாடகை கிடையாது. சரக்கு ஊசிப் போகாது. ஊருக்கு உபதேசம் செய்ய வேண்டியது, அதற்குக் காசும் வாங்க வேண்டியது. நம் ஊரில் இதைவிட உத்தமமான தொழில் வேறு இருக்கிறதா என்ன?

நான் அந்தப் பக்கம் போனவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் 14 வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் குப்பை கொட்டிவிட்டு, 2018-ல், என் 38-வது வயசில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஆகவே, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு. (உபதேசம் இலவசம். இந்த ஒரு தடவை மட்டும்!)

முதலில், ஏன் போனேன்?

எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவர். 41 வயசு. 2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் மனைவி ஒரு துணிக்கடைப் பையோடு ஆபீஸுக்கு வந்தார். பைக்குள் ஏழு இன்ஷூரன்ஸ் பாலிசிகள்.

"அண்ணா, இதெல்லாம் என்னன்னு கொஞ்சம் பாருங்க. ஒரு வருஷம் விடாம கட்டினாருண்ணா..."

கூட்டிப் பார்த்தேன். வருஷப் பிரீமியம் மொத்தம் 72,000. ஏழு பாலிசிக்கும் சேர்த்து, போனஸ் நீங்கலாக, காப்பீட்டுத் தொகை ஏழரை லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம்! முப்பது சொச்சம் வயசில் டேர்ம் பாலிசி என்று ஒன்று எடுத்திருந்தால், வருஷத்துக்குப் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயில் 1 கோடிக்கே காப்பீடு கிடைத்திருக்கும்.

இதை ஏன் அவருக்கு யாருமே சொல்லவில்லை? விற்றவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தர் அவருடைய சொந்த மச்சான். விஷயம் கணக்கில் இருக்கிறது. நீண்ட கால எண்டோமென்ட் பாலிசிகளுக்கு ரொம்ப வருஷமாக, முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜென்டுக்குக் கமிஷன் தரலாம் என்று இருந்தது. 72,000-க்கு 35 சதவீதம் என்றால் 25,200 ரூபாய். பன்னிரண்டாயிரம் ரூபாய் பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கொடுத்தால்தான் என்ன, சில ஆயிரம் தேறும். அவ்வளவுதான்.

பி.எஃப். கணக்கோடு கூடவே ஓர் இன்ஷூரன்ஸும் உண்டு (அப்போது அதன் உச்சவரம்பு 6 லட்சம்) என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஃபாரம் பூர்த்தி செய்து, நாலு தடவை அலைந்து, பணம் வந்து சேர்ந்தது. ஆபீஸ் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். 14 வருஷமாக பாலன்ஸ் ஷீட் டாலி பண்ணியதற்கு என்னை ஒருத்தர் கும்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் மண்டைக்குள் வண்டு குடைய ஆரம்பித்தது.

"கும்பிட்டா மளிகைக் கடைக்காரர் அரிசி குடுப்பாரா?" என்று கேட்டாள் என் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்பதுதான் அவளுக்குத் தொழில்.

நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

மியூச்சுவல் ஃபண்ட் விற்க என்.ஐ.எஸ்.எம். நடத்துகிற 'ஐந்து-ஏ' என்ற பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மார்க் எடுத்தால் பாஸ். அப்புறம் ஆம்ஃபி அமைப்பிடம் ஏ.ஆர்.என். என்கிற பதிவு எண். இதுவரைக்கும் சுலபம். வருமானம்தான் வில்லங்கம். 2009 ஆகஸ்ட் 1-ம் தேதிக்கு முன்னால், முதலீட்டாளர் போடும் பணத்திலேயே ஒரு பகுதியை நுழைவுக் கட்டணமாகப் பிடித்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். செபி அதை ஒழித்துவிட்டது. இப்போது வாடிக்கையாளர் பணம் ஃபண்டில் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கொஞ்சம் வரும். 'டிரெயில்' என்று பேர். முக்கால் சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாசமே 100 பேர் கிடைத்து, ஆளுக்கு மாசம் 5,000 எஸ்.ஐ.பி. போடுகிறார்கள் என்று வையுங்கள். (கிடைக்க மாட்டார்கள். சும்மா வையுங்கள்.) மாசம் 5 லட்சம். வருஷக் கடைசியில் 60 லட்சம். வருஷம் முழுவதுக்கும் சராசரி 32 லட்சம் சொச்சம். அதில் முக்கால் சதவீதம், 24,000 சொச்சம். மாசத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! மாசக் கணக்கில் 2,000 ரூபாய். கம்பெனி எனக்குக் கொடுத்த பெட்ரோல் அலவன்ஸே அதைவிட ஜாஸ்தி.

அதனால், சேமிப்பில் இருந்த 8 லட்சத்தை, இரண்டு வருஷ வீட்டுச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வைத்தோம். அவள் சம்பளம் வாடகைக்கு. அதற்கப்புறம்தான் கடிதம் டைப் ஆனது.

முதல் வாடிக்கையாளர்கள் யார்? வேறு யார், சொந்தக்காரர்கள்தான்! சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, மூணு வருஷத்துல டபுள் ஆயிடுமா?"

"72-ஐ வருஷத்தால வகுங்க சித்தப்பா. 24 வருது. வருஷத்துக்கு 24 சதவீதம் வளர்ந்தாத்தான் மூணு வருஷத்துல டபுள். அப்படி யாரும் கேரண்டி குடுக்க முடியாது."

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தன் மாசம் அஞ்சு வட்டி தர்றானாம்..."

பெரிய பாங்கெல்லாம் வருஷத்துக்கு ஏழு தருகிறபோது இவன் மாசத்துக்கு அஞ்சு எங்கிருந்து தருவான் என்றேன். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்ததையும், டெபாசிட் போட்டவர்களைக் காப்பாற்ற 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டதையும் சொன்னேன். 2012-ல் ஈமு கோழியில் பணத்தைப் போட்டவர்கள் கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றதையும் சொன்னேன்.

சித்தப்பா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் அந்தக் காலம்டா. இது மொபைல் ஆப்ல வருது!"

இந்த வேலையில் பாதி நேரம் 'வேண்டாம்' என்று சொல்வதுதான். மீதி நேரம் 'சும்மா இருங்க' என்று சொல்வது. 2020 மார்ச் 23-ம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்து 25,981-க்கு வந்தது. அன்றைக்கு மட்டும் எனக்கு 43 போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "வித்துடலாமா?" எல்லோருக்கும் ஒரே பதில்: "இந்தப் பணம் அஞ்சு வருஷத்துக்கு வேண்டாம்னு சொல்லித்தானே போட்டீங்க? சும்மா இருங்க." அந்த டிசம்பர் 31-ல் சென்செக்ஸ் 47,751. நான் ஜோசியம் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. 43 பேரைச் சும்மா உட்கார வைத்ததுதான் நான் செய்த ஒரே காரியம். அதற்கு உள்ளூர ஒரு தெம்பு வேண்டும். ஏனென்றால், மார்க்கெட் இறங்கினால் என் டிரெயிலும் சேர்ந்தே இறங்கும்!

ஆனால், நிஜமான பரீட்சை மார்க்கெட்டில் வரவில்லை. 2023-ல் ஒருநாள் என் வீட்டு ஹாலில் வந்தது.

60 வயசில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சேர்த்து 32 லட்சம். செக் புக்கையே கையோடு கொண்டு வந்திருந்தார். "நீங்க எங்கே சொல்றீங்களோ, அங்கே கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்த வாரம்தான் என் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் 58,000 கட்ட வேண்டும். என்னிடம் இன்ஷூரன்ஸ் ஏஜென்சியும் இருந்தது. ஒரே தடவை பிரீமியம் கட்டுகிற பாலிசியில் 2 சதவீதம் என்று பார்த்தால்கூட 64,000. ஃபீஸ் கட்டி, மிச்சத்தில் ஹோட்டலுக்கும் போய்விட்டு வரலாம்!

அவருக்கு வேண்டியதோ வேறு. மாசச் செலவுக்குப் பணம். ராத்திரி தூக்கம். அந்த வருஷம் ஏப்ரலில்தான் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்திருந்தது. வட்டி 8.2 சதவீதம். 30 லட்சம் போட்டால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் கைக்கு வரும். அரசாங்கத் திட்டம்.

அதை விற்றால் ஏஜென்டுக்கு என்ன கிடைக்கும்? பூஜ்யம். 2011 டிசம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குக் கமிஷனே கிடையாது.

"போஸ்ட் ஆபீஸ் திறக்கிற நேரம் தெரியுமா சார்?" என்று கேட்டேன். நானே கூடப் போய் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். மீதி 2 லட்சம் அவசரத்துக்கு என்று பாங்கில். ஸ்கூல் ஃபீஸுக்கு மனைவியின் வளையல் இரண்டு மாசம் அடகுக் கடைக்குப் போய் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று டீச்சர்களைக் கட்டியவர்களுக்குத் தெரியும்.

பெரியவர் வாக்கிங் போகிற பார்க் முழுக்க என் புகழைப் பரப்பினார். ஆறு பேர் வந்தார்கள். அதில் நாலு பேரை மறுபடியும் போஸ்ட் ஆபீசுக்கே அனுப்ப வேண்டியதாகிவிட்டது. இப்போது கவுன்ட்டரில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு தடவையும் நல்லவனாக இருப்பதற்கு நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சம்பளம் தருகிறவன் எங்கேயோ மும்பையில் உட்கார்ந்திருக்கிறான். நான் யாருக்கு வேலை பார்க்கிறேன்?

செபியும் இதைத்தான் கேட்டது. 2013-ல் முதலீட்டு ஆலோசகர்களுக்கு என்று தனி விதி. 2020-ல் இன்னும் இறுக்கி, தனி நபர் ஒருவர் ஒன்று கமிஷனுக்கு விற்கலாம், அல்லது ஃபீஸ் வாங்கி ஆலோசனை சொல்லலாம், இரண்டும் கூடாது என்றது. விற்கிறவர் 'ஆலோசகர்' என்று போர்டு மாட்டிக்கொள்ளவும் கூடாது. அதனால் என் விசிட்டிங் கார்டில் 'மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்' என்று இருந்தது. ஏதோ தீபாவளிக்குப் படப் பெட்டி வாங்கப் போகிறவன் மாதிரி!

ஆலோசகராகப் பதிவு செய்ய முதலில் முதுகலைப் பட்டம், அனுபவம் என்றெல்லாம் நிபந்தனை. நானோ வெறும் பி.காம். 2024 டிசம்பர் திருத்தத்தில் அவை தளர்ந்தன. 150 வாடிக்கையாளர் வரைக்கும் 1 லட்சம் டெபாசிட். 'பத்து-ஏ', 'பத்து-பி' என்று இன்னும் இரண்டு பரீட்சை. 45 வயசில், பையன் பத்தாவது படிக்கிற மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து நானும் படித்தேன்.

"2018-ல விட்டுட்டு வந்த சம்பளத்தையே போன வருஷம்தானே தொட்டீங்க? ஆறு வருஷம் ஆச்சு. மறுபடியும் மொதல்லேருந்தா?" என்றாள் மனைவி. அப்புறம் அவளே, "சரி, எழுதுங்க. ராத்திரி பெட்டில திரும்பித் திரும்பிப் படுக்காம இருப்பீங்க" என்றாள்.

கமிஷன் கதவையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு குடும்பத்துக்கு வருஷம் 15,000 ஃபீஸ் என்று போர்டு மாட்டினேன். (1,51,000 வரைக்கும் வாங்கலாம் என்பது விதி. எனக்குத் தொண்டையில் சத்தம் வரவில்லை.) 140 குடும்பத்தில் சரி என்றவர்கள் 22. கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டம் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. 20 லட்சம் வைத்திருப்பவர் அதற்கு மாறினால் முக்கால் சதவீதம் அவருக்கே மிச்சம். எவ்வளவு? 15,000. என் ஃபீஸேதான்! கண்ணில் படாமல் போனால் வலிக்காத பணம், செக்கில் எழுதும்போது வலிக்கிறது. ஒருத்தர் சொன்னார்: "முன்னாடி நீங்க ஃப்ரீயாத்தானே சொன்னீங்க?"

அந்த 22 பேர் மாசத்துக்கு 27,500 ஆகிறது. பழைய சம்பளத்துக்குக் கீழேதான். ஆனால் இப்போது யாரையாவது போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பினால் வளையல் அடகுக்குப் போவதில்லை.

ஆகவே தம்பிகளே, வேலையை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். இரண்டு வருஷச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். சொந்தக்காரர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு வருமானக் கணக்குப் போடாதீர்கள். முக்கியமாக, என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் சம்பளம் யார் கையிலிருந்து வரும் என்று கேளுங்கள்.

வேலை மாறும் உத்தேசமே இல்லாதவர்களுக்கும் இதே கேள்விதான் உதவும். பண விஷயமாக யாரிடம் யோசனை கேட்டாலும் (என்னிடம் கேட்டாலும்) முதலில் கேளுங்கள்: "சார், உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க?"

முகம் மாறாமல் பதில் சொன்னால் மேலே பேசுங்கள். பதிலுக்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும் வந்தால், சாப்பிட்டுவிட்டு மரியாதையாகக் கிளம்பிவிடுங்கள்!