"பயமா, அக்கா?"

ஆபரேஷன் என்றதும் கத்தியும் மயக்க மருந்தும்தானே உங்களுக்கு நினைவு வருகிறது? எனக்கும் அப்படித்தான், எக்கியார்குப்பத்து அக்கா ஒருத்தியைச் சந்திக்கும் வரையில்.

மரக்காணம் உப்பளங்களைப் பற்றி எழுதப் போன இடத்தில் பழக்கமானவள். பாத்தியில் வாரிய உப்பைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் வேலை. வயது நாற்பத்தைந்து. கருப்பையில் கட்டி, மாதந்தோறும் உதிரம் கொட்டி, முகம் வெளுத்துவிட்டது. கருப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மாள் சொல்லி ஒரு வருஷம் ஆகியும் அக்கா அசையவில்லை.

"பயமா, அக்கா?" என்றேன். சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவளை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வார்டு நர்ஸ் சின்னப் பெண். ரத்த அளவு, சர்க்கரை, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், "என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்றாள்.

"உப்பு சொமக்கிறேம்மா."

பேனா நின்றது. "ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதே! வீட்டுலே யார் பார்த்துப்பாங்க?"

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அதைத்தாம்மா ஒரு வருசமா யோசிச்சிட்டு இருக்கேன். உப்பு வெளையற நாள்லே படுத்துட்டா, உலை வைக்கிறது யாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் கேட்காத கேள்வி அது.

நர்ஸ் டாக்டரம்மாளிடம் பேசினாள். பரிசோதனையில் அது கெட்ட கட்டி அல்ல என்று தெரிந்திருந்ததால், மழையில் உப்பளம் ஓய்ந்திருக்கும் ஐப்பசிக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் உதிரப் போக்கைக் குறைக்க மருந்து; ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை. மூச்சை ஆழ இழுத்துவிடவும், படுத்தபடியே பாதங்களை அசைக்கவும் நர்ஸ் பழக்கினாள். மறுநாளே எழுந்து நடந்தால்தான் காலில் ரத்தம் உறையாது என்றாள். "சினைப்பை இரண்டையும் எடுக்கப் போறதில்லே, பொம்பளைத்தனம் எங்கேயும் போயிடாது" என்று, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள்.

ஐப்பசியில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆறு வாரமும் தண்ணீர்க் குடம் மருமகள் இடுப்பில். உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக அரசாங்கம் 2022-ல் தொடங்கிய 5,000 ரூபாயும் கொஞ்சம் கை கொடுத்தது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருத்தி இப்படி நாளைக் கடத்திக்கொண்டிருந்தால், என்னைப் போல் "பயமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "தண்ணீர் யார் தூக்குவார்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால், குடத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.